சந்தாவுக்குப் பதில் சொந்த சர்வர்: மிச்சம் எங்கிருந்து வருகிறது?

ஒரு சிறு நிறுவனத்தில் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் சம்பளச் செலவு மட்டும்தான் கூடும் என்று நினைப்போம். உண்மையில் அவருக்கு மேசை போடுவதற்கு முன்பே ஐந்தாறு இடங்களில் கணக்குத் திறக்க வேண்டியிருக்கிறது. கோப்புகளைப் பகிர ஒரு சேவை, அலுவலகத்துக்குள் பேசிக்கொள்ள ஒன்று, வாடிக்கையாளர் விவரங்களுக்கு ஒன்று, வேலைகளைப் பட்டியல் போட ஒன்று, பாஸ்வேர்டுகளைப் பத்திரப்படுத்த ஒன்று. எல்லாமே தலைக்கு மாதம் இவ்வளவு என்றுதான் வசூலிக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. ஆள் எண்ணிக்கையால் பெருக்கி, மறுபடியும் பன்னிரண்டால் பெருக்கினால்தான் முழு உருவம் தெரியும்.

இதைக் குறைக்க என்ன வழி என்று கேட்டால், கணினி தெரிந்தவர்கள் உடனே சொல்வது: "ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை எடுத்து சொந்த சர்வரில் போட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் இலவசம்." ஓப்பன் சோர்ஸ் என்றால் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள். சர்வர் என்பது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி; வாடகைக்கு எடுத்ததானாலும், அதில் என்ன ஓடுகிறது என்பது நம் கையில் இருந்தால் அதைச் சொந்த சர்வர் என்றே இங்கே சொல்கிறேன். நானும் சின்ன அலுவலகங்களுக்கு இதைச் செய்து கொடுத்து வருகிறேன். நல்ல வழி என்று மனதார நம்புகிறேன். ஆனால் இலவசம் என்ற சொல்லை நம்பி இறங்குகிறவர்கள்தான் சீக்கிரம் சலித்துப்போய்ப் பழைய சந்தாவுக்கே திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். மென்பொருளுக்கு விலை இல்லை என்பது மிச்சத்தில் ஒரு பகுதிதான். பெரிய பகுதி, தலைக்கு இவ்வளவு என்ற பெருக்கல் கணக்கு நின்றுபோவதால் வருகிறது. அது காலி செய்த இடத்தில் வேறொரு செலவு வந்து உட்காருகிறது: ஒரு மனிதரின் நேரம். இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால்தான் இது யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று புரியும்.

பெருக்கல் எப்படி நிற்கிறது

ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர், யாரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய இயங்குதளத்தை உருவாக்கும் குனூ திட்டத்தை 1983இல் அறிவித்தார். அவர் தொடங்கிய இயக்கம் வரையறுத்த உரிமைகளில் முதலாவது, மென்பொருளை எந்த நோக்கத்துக்காகவும் ஓட்டலாம் என்பது. 1998இல் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் வந்தபோது எழுதப்பட்ட வரையறையும் இதையே வேறு விதமாகச் சொன்னது: யார் பயன்படுத்துகிறார்கள், எந்தத் தொழிலுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று உரிமம் பாகுபாடு பார்க்கக் கூடாது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்தையும் விடுதலையையும் குறிப்பதால் அங்கே எப்போதும் குழப்பம்தான். தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று சொல்கிறோம். அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

வணிகக் கணக்கில் இதன் பொருள் எளிது. மென்பொருளை நிறுவிய பிறகு அதை 5 பேர் பயன்படுத்தினாலும் 50 பேர் பயன்படுத்தினாலும் உரிமச் செலவு மாறாது. சர்வர் செலவும் பெரிதாக மாறாது. ஒரு சின்ன அலுவலகம் நாள் முழுக்கச் செய்கிற வேலை சர்வருக்கு ஒரு பொருட்டே இல்லை. பதினைந்து பேர் கோப்புகளைத் திறந்து மூடுகிறார்கள், நடுநடுவே செய்தி அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். 8 ஜிபி நினைவகம் உள்ள ஒரு வாடகை சர்வர் இந்த ஐந்து வேலைகளையும் சேர்த்தே சுமக்கும். பெரும்பாலான நேரம் அது சும்மாதான் இருக்கும்.

சந்தா கட்டும்போது நாம் எதற்கெல்லாம் பணம் தருகிறோம் என்றும் பார்க்க வேண்டும். மென்பொருள், அது ஓடும் இயந்திரம், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள், பேக்கப், நள்ளிரவில் ஏதாவது நின்றுபோனால் எழுந்து வருகிறவர், விளம்பரச் செலவு, லாபம் எல்லாம் அந்தத் தொகைக்குள் இருக்கின்றன. சொந்தமாக ஓட்டும்போது உரிமக் கட்டணமும் விளம்பரமும் லாபமும் கழிந்துவிடும். மற்றவை எங்கும் போகாது. நம் தலையில் வந்து விழும்.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். எந்த நாணயமாகவும் இருக்கட்டும், விகிதம்தான் முக்கியம். ஒவ்வொரு சேவையும் சராசரியாகத் தலைக்கு மாதம் 10 என்று வைத்துக்கொண்டால், 5 சேவை, 15 பேர், 12 மாதம்: ஆண்டுக்கு 9,000. சொந்தமாக ஓட்டினால் சர்வர் வாடகை மாதம் 40, வேறொரு இடத்தில் பேக்கப் வைக்க மாதம் 10, ஆக ஆண்டுக்கு 600. இத்தோடு கணக்கை முடித்துக்கொண்டு பூரித்துப்போகிறவர்கள் நிறையப் பேர். நேரத்தையும் சேர்க்க வேண்டும். நிறுவி, பழைய தரவுகளைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க 60 மணி நேரம் என்று வைப்போம். அப்புறம் மாதம் 4 மணி நேரம் பராமரிப்பு. அந்த ஆளின் ஒரு மணி நேரத்துக்கு விலை 25 என்றால், முதல் ஆண்டில் 108 மணி நேரம், 2,700. மொத்தம் 3,300. இரண்டாம் ஆண்டிலிருந்து 1,800. ஆண்டுக்கு 9,000 கட்டிக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு இது பெரிய மிச்சம். பராமரிப்பு நாம் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்தாலும் மிச்சம்தான்.

இப்போது இதே கணக்கை 3 பேர் கொண்ட நிறுவனத்துக்குப் போடுங்கள். சந்தா ஆண்டுக்கு 1,800. சொந்த சர்வருக்கு முதல் ஆண்டில் 3,300, பிறகு அதே 1,800. முதல் ஆண்டில் கூடுதலாகச் செலவான 1,500 திரும்பி வரவே வராது. மூன்று பேர் மட்டும் இருக்கும் இடத்தில், தரவு தன் கையில் இருக்க வேண்டும் என்பது போன்ற வேறு காரணம் இருந்தால் செய்யலாம். பணத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

இந்த எண்கள் எல்லாம் நான் எடுத்துக்கொண்ட உதாரணம்தான். உங்கள் ரசீதுகளை எடுத்து வைத்து உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். நேரத்துக்கு விலை போடாத எந்தக் கணக்கையும் நம்பாதீர்கள். உரிமையாளரே ராத்திரி உட்கார்ந்து செய்தாலும் அது அவர் வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய நேரம்தான்.

மேகக் கணிமையை, அதாவது பெரிய நிறுவனங்களின் கணினிகளை இணையம் வழியே வாடகைக்குப் பயன்படுத்துவதை, விட்டு வெளியே வந்தவர்கள் என்று எல்லோரும் எடுத்துக்காட்டுவது பேஸ்கேம்ப் மென்பொருளை நடத்தும் 37சிக்னல்ஸ் நிறுவனத்தை. அதன் இணை உரிமையாளர் டேவிட் ஹைன்மையர் ஹான்சன் 2022இல் இதை வெளிப்படையாக அறிவித்தார். ஆண்டுக்கு சுமார் 32 லட்சம் டாலராக இருந்த மேகக் கட்டணம், சுமார் 7 லட்சம் டாலருக்குச் சொந்த சர்வர்களை வாங்கிய பிறகு 13 லட்சமாகக் குறைந்தது என்று 2024இல் எழுதினார். நல்ல உதாரணம்தான். ஆனால் அவர்களிடம் சர்வர் பார்க்கத் தெரிந்த அணி ஏற்கெனவே இருந்தது. அதில் ஒருவரைக்கூடக் கூடுதலாகச் சேர்க்க வேண்டி வரவில்லை. அதனால்தான் மிச்சம் முழுதாகக் கையில் நின்றது. பத்துப் பேர் நிறுவனத்தில் அப்படி ஒரு அணி கிடையாது. அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யார் பார்த்துக்கொள்வார் என்பதுதான்.

இப்போது ஏன் எளிதாகிவிட்டது

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இதைச் சிறு நிறுவனங்களுக்குப் பரிந்துரைக்கவே யோசித்திருக்க வேண்டும். ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு வகையான சூழலைக் கேட்கும். ஒன்றுக்காகப் போட்டது இன்னொன்றைக் கெடுக்கும். 2013இல் வெளியான டாக்கர் இந்தச் சண்டையை முடித்துவைத்தது. மென்பொருளும் அதற்கு வேண்டிய அத்தனையும் ஒரே பெட்டிக்குள் வந்துவிடுவதால் ஒன்றின் மேல் ஒன்று இடிப்பதில்லை. அடுத்தது, பிரவுசரில் பூட்டுக் குறி வருவதற்கான சான்றிதழ். முன்பு அதை ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டும். 2015இன் கடைசியில் லெட்ஸ் என்கிரிப்ட் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும் அது இலவசமாகி, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஒன்றாகிவிட்டது. வெளியாருக்குத் தெரியாத தனிப்பாதையை (விபிஎன்) இணையத்தில் அமைக்கும் வயர்கார்டு என்ற மென்பொருள், சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே 2020இல் சேர்க்கப்பட்டது. அதன் பிறகு அலுவலகத்துக்கு மட்டுமான தனிப்பாதை ஒன்றைச் சில வரிகளில் அமைத்துவிட முடிகிறது.

எதில் தொடங்குவது, எதைத் தொடவே கூடாது

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது பெரிய தவறு. தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இது அரை நாள் நின்றுபோனால் வியாபாரம் நிற்குமா? நிற்காது என்பவற்றில் தொடங்கலாம்.

அலுவலகச் செய்முறைகளை எழுதிவைக்கும் விக்கி நல்ல தொடக்கம். புக்ஸ்டாக் போன்ற மென்பொருளை ஒரு மதியத்தில் நிறுவிவிடலாம். இணையதளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்க மட்டோமோ இருக்கிறது. அது ஒரு நாள் நின்றால் ஒரு நாள் எண்ணிக்கை போகும், அவ்வளவுதான். கோப்புப் பகிர்வுக்கு நெக்ஸ்ட்கிளவுட். பெரும்பாலான அலுவலகங்களில் மிச்சம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது இதில்தான். சந்தா சேவைகளில் இடம் நிறைந்ததும் எல்லோரையும் அடுத்த கட்டணப் படிக்கு ஏற்றுகிறார்கள். சொந்த சர்வரில் ஒரு டிஸ்க்கைச் சேர்த்தால் முடிந்தது. ஒவ்வொருவர் கணினியிலும் போடும் அதன் செயலி, கோப்புகளின் நகலை வைத்திருப்பதால், சர்வர் கொஞ்ச நேரம் நின்றாலும் கையில் உள்ள வேலை நடக்கும்.

பாஸ்வேர்டு பெட்டகத்தைச் சொந்தமாக வைக்கலாமா என்று கேட்டால் பலர் பயப்படுகிறார்கள். வால்ட்வார்டன் என்ற சின்ன சர்வர் மென்பொருளோடு பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மென்பொருளின் செயலிகளை இணைத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டுகள் நம் கணினியிலேயே பூட்டப்பட்டு, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டுத்தான் சர்வருக்குப் போகின்றன. பூட்டிய நகல் ஒன்று ஒவ்வொருவரின் சாதனத்திலும் இருக்கிறது. சர்வர் நின்றாலும், உள்ளே நுழைந்திருக்கிற செயலியில் பழையவற்றைப் படிக்க முடியும். அதனால் எனக்கு இதில் பயமில்லை. ஆனால் பேக்கப் இல்லாமல் வைப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அலுவலக உரையாடலுக்கு ஜூலிப் போன்றவை நன்றாகவே இருக்கின்றன. ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். போனில் 'புதுச் செய்தி வந்திருக்கிறது' என்று மணி அடிக்க வேண்டுமானால், அந்த அறிவிப்பு ஆப்பிள், கூகுள் சர்வர்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். அதற்கான சாவி செயலியை வெளியிட்டவரிடம்தான் இருக்கும். அதனால் சில மென்பொருள்களில் அறிவிப்பு மட்டும் அவர்கள் நடத்தும் சேவை வழியாகப் போகும். வணிகப் பயன்பாட்டுக்கு அதற்குத் தனிக் கட்டணமும் இருக்கலாம். நிறுவுவதற்கு முன் இதைப் பார்க்காதவர்கள் அப்புறம் ஏமாந்ததாக நினைக்கிறார்கள்.

சரக்கு, விற்பனை, கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய மென்பொருள்கள் தனி வகை. ஈஆர்பிநெக்ஸ்ட் முழுக்கவே ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் கிடைக்கிறது. ஒடூவுக்கு இரண்டு பதிப்புகள். சமூகப் பதிப்பு ஓப்பன் சோர்ஸ். முழுமையான கணக்குப் பகுதி உட்படப் பல வசதிகள் காசு கொடுக்கும் பதிப்பில்தான் இருக்கின்றன, அதற்கும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான். இப்படி உள்ளே திறந்தும் வெளியே பூட்டியும் விற்கப்படுபவை நிறைய உண்டு. தவறு என்று சொல்லமாட்டேன், அவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் எந்த வசதி எந்தப் பக்கம் இருக்கிறது என்று நிறுவுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் பூட்டிய பக்கம் போவது ஒரே கணக்கில் எல்லாவற்றுக்குள்ளும் நுழையும் வசதியும், யார் என்ன செய்தார் என்ற பதிவேடும்தான். ஆள் கூடக் கூட அவை இரண்டும்தான் அதிகம் தேவைப்படும்.

மின்னஞ்சலைத் தொடாதீர்கள். இதை அழுத்தமாகவே சொல்கிறேன். மின்னஞ்சல் சர்வரை நிறுவுவது கஷ்டமில்லை, அனுப்பிய அஞ்சல் மறுபக்கம் போய்ச் சேர்வதுதான் கஷ்டம். உங்கள் சர்வரின் ஐபி முகவரியை உங்களுக்கு முன் வைத்திருந்தவர் குப்பை அஞ்சல் அனுப்பியிருந்தால் அந்தப் பழி உங்கள் மேல் விழும். குப்பை அஞ்சலுக்குப் பயந்து, வெளியே அஞ்சல் அனுப்பும் 25ஆம் எண் வாசலையே மூடி வைத்துத்தான் பல சர்வர் வாடகை நிறுவனங்கள் சர்வரைக் கொடுக்கின்றன. அஞ்சல் உண்மையில் நீங்கள் அனுப்பியதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அத்தாட்சிகளையும் சரியாக வைக்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவற்றில் இன்னும் கண்டிப்பாகிவிட்டன. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு விலைப்புள்ளி வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழலாம். அது அங்கே கிடப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. மாதம் சில காசு மிச்சம் பிடிப்பதற்காக ஒரு ஆர்டரை இழப்பதில் பொருளில்லை. மின்னஞ்சலுக்குச் சந்தா கட்டுங்கள், டொமைன் பெயரை மட்டும் உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கப் என்பது மீட்டுப் பார்த்தது மட்டும்தான்

இந்த முழு ஏற்பாடும் நிற்பதும் விழுவதும் பேக்கப்பில்தான். எனவே இதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிர்ந்துகொள்ளும் தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், தவறான சர்வர் என்று தெரியாமல், உயிரோடு ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸின் சுமார் 300 ஜிபி தரவை அழித்துவிட்டார். தவறு யாருக்கும் நடக்கும். நடுங்க வைத்தது அதற்கடுத்துத் தெரிய வந்ததுதான். அவர்களிடம் இருந்த ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தினமும் எடுக்க வேண்டிய டேட்டாபேஸ் நகல், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள், மேலே சொன்ன அத்தாட்சிக் கோளாறால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு நான் நன்றி சொல்வேன், ஏனென்றால் அதைப் படித்துத்தான் நான் பழக்கத்தை மாற்றினேன்.

அதற்கு முன்பு ஒரு அலுவலகத்தில் எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. தினமும் இரவு பேக்கப் ஓடுகிறது, கோப்பு உருவாகிறது, அளவும் கூடிக்கொண்டே போகிறது. நானும் நிம்மதியாக இருந்தேன். டிஸ்க் பழுதாகி மீட்கப் போனபோதுதான் புரிந்தது: டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்புகளை அப்படியே நகல் எடுத்திருக்கிறேன். பாதி எழுதிய நிலையில் பிடிபட்ட கோப்புகள் திறக்கவில்லை. இரண்டு வாரப் பதிவுகளை அந்த அலுவலகத்தார் தாளிலிருந்து மறுபடி ஏற்றினார்கள். போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ்களை நகல் எடுக்க அவற்றுக்கென்றே கட்டளை இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். எனக்கு அது அப்போது தெரிந்தும் இருந்தது. மீட்டுப் பார்க்காமல் விட்டதுதான் தவறு.

நகல் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுக்க எரிந்துபோனது. சர்வரையும் பேக்கப்பையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில் என்ற பழைய விதி இதற்காகத்தான். ரெஸ்டிக், போர்க் என்ற இரண்டு பேக்கப் கருவிகளுமே ஓப்பன் சோர்ஸ். தரவைப் பூட்டி, மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதால் இடமும் குறைவாகவே எடுக்கும். பூட்டின் சாவியை சர்வரிலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள். தாளில் எழுதி வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு காலி சர்வரை சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் எழுப்பிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். நிஜமாகவே விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் எழுந்திருப்போம் என்ற கேள்விக்கு உங்களிடம் இருக்கும் ஒரே நேர்மையான பதில் அந்த எண்தான்.

கதவும் பூட்டும்

இணையத்தில் ஒரு சர்வரைத் திறந்து வைத்த சில நிமிடங்களிலேயே யாரோ கதவைத் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆள் இல்லை, தானியங்கி நிரல்கள்தான். சின்ன நிறுவனம், நம்மை யார் தேடி வரப்போகிறார் என்ற நினைப்பு இங்கே செல்லாது. 2022 ஜனவரியில் பரவிய டெட்போல்ட் என்ற பணப்பறிப்பு நிரல், இணையத்துக்குத் திறந்து வைக்கப்பட்டிருந்த க்யூனாப் சேமிப்புப் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. அவற்றில் நிறைய இருந்தது வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும்தான்.

இதற்கு நல்ல மருந்து, கதவையே வெளியில் வைக்காமல் இருப்பது. அலுவலக ஆட்கள் மட்டும் பயன்படுத்தும் எதையும் வயர்கார்டு தனிப்பாதைக்குள் வைத்துவிட்டால், வெளியிலிருந்து தட்டுகிறவர்களுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. வாடிக்கையாளர்களும் பார்க்க வேண்டிய இணையதளம் போன்றவை மட்டும் வெளியே இருக்கட்டும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற சிறு நிரல் தொகுப்பில் பெரிய ஓட்டை வெளிவந்தபோது உலகம் முழுக்க நிர்வாகிகள் தூங்காமல் வேலை பார்த்தார்கள். தனிப்பாதைக்குள் வைத்திருந்தவர்களுக்கும் வேலை இருந்தது, ஆனால் மூச்சுவிட நேரம் கிடைத்தது.

இயங்குதளத்தின் பாதுகாப்பு அப்டேட்கள் தானாக ஏறும்படி வைத்துவிடலாம். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் அதற்கு வசதி இருக்கிறது. மென்பொருள்களின் பெரிய பதிப்பு மாற்றங்களை மட்டும் கையால், பேக்கப் எடுத்த பிறகு செய்ய வேண்டும். தள்ளிப்போட்டால் கடன் ஏறும். நெக்ஸ்ட்கிளவுடில் ஒரு பெரிய பதிப்பைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். பல பதிப்புகள் விட்டுவிட்டு ஒரு நாள் உட்கார்ந்தால் முழு நாளும் போய்விடும். டாக்கரில் பதிப்பு எண் குறிப்பிடாமல் 'கடைசியாக வந்தது எதுவோ அது' என்று விட்டுவைப்பதும் ஆபத்து. ஒரு நாள் போஸ்ட்கிரெஸ் புதிய பெரிய பதிப்புக்குத் தாவும். பழைய பதிப்பின் தரவுக் கோப்புகளைப் புதியது படிக்காது, சர்வர் எழாது. எண்ணைக் குறிப்பிட்டு நிறுத்தி வையுங்கள்.

சர்வர் எங்கே இருக்கட்டும்

அலுவலக மூலையில் ஒரு சின்னக் கணினியை வைத்தே ஓட்டலாமே என்று கேட்பார்கள். 30 வாட் எடுக்கும் கணினி ஆண்டு முழுக்க ஓடினால் சுமார் 263 யூனிட் மின்சாரம். அது பெரிய செலவில்லை. மின்சாரம் போனால் தாங்க யூபிஎஸ், நிலையான ஐபி முகவரி, டிஸ்க் போனால் மாற்ற ஆள், திருடு போகாத அறை என்று ஒவ்வொன்றாகச் சேரும்போதுதான் கணக்கு மாறும். பெரிய வீடியோ கோப்புகளோடு வேலை செய்யும் அலுவலகத்துக்கு உள்ளூர்ப் பெட்டி நல்லது. மற்றவர்களுக்கு வாடகை சர்வரே போதும். மென்பொருளும் தரவும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்வரை, இயந்திரம் யாருடையது என்பது பெரிய விஷயமில்லை. ஒரு வாடகைக்காரர் விலையை ஏற்றினால் பேக்கப்பை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போய் எழுப்பிக்கொள்ளலாம்.

இந்தப் போய்விடும் சுதந்திரத்துக்கும் பண மதிப்பு உண்டு. தனக்கென டொமைன் வைத்திருந்த சின்ன நிறுவனங்கள் பல ஆண்டுகளாக கூகுளின் பழைய இலவசத் திட்டத்தில் இருந்தன. 2022 ஜனவரியில் அந்தத் திட்டம் முடிகிறது என்று கூகுள் அறிவித்தது. எதிர்ப்புக்குப் பிறகு சொந்தப் பயன்பாட்டுக்காரர்களை விட்டுவைத்தது, வணிகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் பணம் கட்ட வேண்டியதாயிற்று. சொந்த சர்வரில் ஓடினால் மட்டும் இது போன்றவற்றிலிருந்து தப்பிவிடலாம் என்பதும் இல்லை. அட்லாசியன் நிறுவனத்தின் மென்பொருள்களை விலைக்கு வாங்கித் தங்கள் சர்வரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு 2024 பிப்ரவரி 15ஓடு அந்த வகைக்கான ஆதரவே நின்றுபோனது. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும்: சர்வரும் நம்முடையது, மென்பொருளும் கட்டற்றது.

கட்டற்றதாக இருந்தால், உரிமையாளர் வழி மாறினாலும் மற்றவர்கள் பிரித்தெடுத்துத் தொடரலாம். 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து லிப்ரெ ஆபீஸ் பிறந்தது அப்படித்தான். ஓன்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளைத் தொடங்கிய ஃபிராங்க் கார்லிட்செக்கே 2016இல் வெளியே வந்து நெக்ஸ்ட்கிளவுடைத் தொடங்கினார். 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் தன் உரிமத்தை மாற்றியதும் சில நாட்களிலேயே அதிலிருந்து பிரிந்து லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ வந்துவிட்டது.

யார் பார்த்துக்கொள்வார்

மாதம் நான்கு மணி நேரம்தானே என்று ஆர்வமுள்ள ஒரு ஊழியரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவர் நன்றாகவே செய்வார். ஒரு நாள் வேலையை விட்டுப் போவார், அவரோடு பாஸ்வேர்டுகளும் போகும். மிச்சம் பிடித்த அத்தனையும் அந்த ஒரு வாரத்தில் கரைந்துவிடும். எனவே குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எப்படி நிறுத்துவது, எப்படி எழுப்புவது, எங்கே பேக்கப், டொமைன் யார் பெயரில், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதப்பட்டு, சர்வருக்கு வெளியே இருக்க வேண்டும். விக்கி நல்ல இடம்தான், ஆனால் சர்வரை எப்படி எழுப்புவது என்ற குறிப்பு அந்த சர்வரிலேயே இருந்தால் யாருக்கு உதவும்?

ஆளே இல்லை என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. நெக்ஸ்ட்கிளவுட் போன்ற மென்பொருளை உங்களுக்காக நிறுவிப் பார்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. சேமிப்பிடத்துக்கோ சர்வர் அளவுக்கோ காசு வாங்குகிறவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெருக்கல் நின்றுவிடும், இரவுத் தூக்கமும் மிஞ்சும். பிடிக்காவிட்டால் அதே மென்பொருளோடு வெளியே வரலாம். முழுக்கச் சொந்தமாக ஓட்டுவதைவிடச் செலவு கூடத்தான். ஆனாலும் பல சின்ன அலுவலகங்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

மிச்சத்தில் ஒரு பங்கை, பத்தில் ஒன்றாக இருந்தாலும் போதும், நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு அனுப்புங்கள். இதை நான் தருமமாகச் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய கருவிக்குள் யாரோ பின்கதவு வைத்தது வெளிப்பட்டது. ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் தனியாகப் பராமரித்துச் சோர்ந்துபோயிருந்த ஒருவரிடம், உதவுகிறேன் என்று வந்து நம்பிக்கை பெற்றுத்தான் அதை நுழைத்தார்கள். சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால் உலகம் தப்பித்தது. நம் சர்வர்கள் எல்லாம் அப்படிப்பட்ட மனிதர்களின் உழைப்பின் மேல்தான் ஓடுகின்றன. ஆண்டு வரவுசெலவில் அவர்களுக்கென்று ஒரு வரி இருக்கட்டும்.

மாறுவதென்று முடிவு செய்தால், ஒரே ஒரு சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். பழையதையும் புதியதையும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். அந்த மாதத்துக்குள் பேக்கப்பிலிருந்து ஒரு முறை மீட்டுப் பாருங்கள். அப்புறம் பழைய சேவையிலிருந்து தரவு முழுவதையும் இறக்கி, திறந்து பார்த்து, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்ட பிறகே சந்தாவை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு அவர்கள் தரவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது ஒவ்வொரு சேவைக்கும் மாறும். அந்த நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.